சோதனை யார் மீது?

ஒரு சான்றிதழ் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும்? கடை உரிமத்தைப் புதுப்பிக்க எத்தனை நாள் கடையைப் பூட்டிவிட்டு அலுவலக வாசலில் நிற்க வேண்டும்? இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போகாத வியாபாரி இல்லை. இதனால் மனம் நொந்து, 'இந்த வேலையே வேண்டாம்' என்று விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்ட இளைஞர்களும் நம்மிடையே உண்டு.

ஆனால் அரசாங்கம் என்றைக்காவது இந்தக் கேள்வியைத் தன்னைப் பார்த்தே கேட்டுக்கொண்டது உண்டா? உண்டு என்கிறார்கள். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகப் பல நாடுகளில் அரசு அலுவலகங்களுக்கு உள்ளேயே 'இன்னவேஷன் லேப்' என்ற பெயரில் புத்தாக்க ஆய்வுக்கூடங்களைத் திறந்திருக்கிறார்கள். சில நன்மை செய்தன. சில பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டன. சில ஆட்சி மாறியதும் பூட்டப்பட்டன. இது அதிகாரிகளின் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சோதனை நடக்கப் போவது உங்கள் மீதுதான்!

ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடிக் குடுவையும் அமிலமும் நினைவுக்கு வர வேண்டாம். நம் நாட்டில் 2016-இல் தொடங்கிப் பள்ளிகளில் வைத்திருக்கிறார்களே, அடல் டிங்கரிங் லேப், அதுவும் இதுவல்ல. அது பிள்ளைகள் பழகுவதற்கு. நாம் பேசுவது அரசாங்கம் தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கும் இடத்தைப் பற்றி.

கல்யாண வீட்டில் பண்டாரி என்ன செய்கிறார்? ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்குகிறவர், சஹன் வைப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்க்கிறார். குறைந்தால் சேர்க்கிறார், கூடினால் ஏதாவது செய்து சரிக்கட்டுகிறார். நம் அரசாங்கங்களோ உப்புப் பார்ப்பதே இல்லை. தலைநகரில் ஒரு திட்டத்தைத் தீட்டி, ஒரே நாளில் நாடு முழுவதும் பரிமாறிவிடுகிறார்கள். உப்புக் கரித்தால் சாப்பிடுகிறவன் தலையெழுத்து! முதலில் சின்ன அளவில் செய்து பார், பயன்படுத்தப் போகிறவனின் அருகில் உட்கார்ந்து பார், சரியில்லை என்றால் மாற்று, பிறகு பரிமாறு என்பதுதான் இந்த ஆய்வுக்கூடங்களின் அடிப்படை. அதைத் தவறென்று யார் சொல்ல முடியும்?

டென்மார்க் நாட்டில் 2002-இல் 'மைண்ட்லேப்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதலில் வணிகத் துறை அமைச்சகத்துக்குள் இருந்தது. 2007-க்குப் பிறகு வரித்துறை, வேலைவாய்ப்புத் துறை ஆகியவற்றையும் சேர்த்து மூன்று அமைச்சகங்களுக்குப் பொதுவானதாக ஆக்கினார்கள். அவர்கள் செய்த ஒரு வேலை நம் வியாபாரிகளுக்கு உடனே புரியும். அங்கே புதிதாகத் தொழில் தொடங்குகிறவர், தன் தொழில் எந்த வகை என்று அரசாங்கப் பட்டியலிலிருந்து ஒரு குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் உத்யம் பதிவுக்குத் தொழில் குறியீடு கேட்கிறார்களே, ஜி.எஸ்.டி.யில் சரக்குக்கு எச்.எஸ்.என். எண் கேட்கிறார்களே, அதே போன்றதுதான். பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அத்தர் விற்கிறவரும், பிரியாணிக் கடை வைத்திருக்கிறவரும், பழைய இரும்பு எடுக்கிறவரும் அதில் தன்னைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆடிட்டருக்கு ஒரு தொகை அழுதாக வேண்டும்.

நம் அதிகாரிகளாக இருந்தால் 'விளக்கக் குறிப்பைப் படியுங்கள்' என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருப்பார்கள். டென்மார்க்கில் வேறு மாதிரி செய்தார்கள். தொழில் தொடங்குகிறவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று கவனித்தார்கள். பட்டியல் அதிகாரியின் மொழியில் இருந்தது, வியாபாரி தன் மொழியில் தேடினார். கோளாறு அங்கேதான் இருந்தது. வியாபாரி தன் வாயால் சொல்கிற சொல்லைப் போட்டாலே சரியான எண்ணைக் காட்டுகிற ஓர் இணையதளத்தை அதன் பிறகு உருவாக்கினார்கள்.

வரித்துறையிலும் இப்படித்தான். 'எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம், இளைஞர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு' என்று அதிகாரிகள் நினைத்திருந்தார்கள். ஒருசில இளைஞர்களை வைத்து அருகிலிருந்து பார்த்தபோது உண்மை வெளியே வந்தது. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தது, வரி தெரியவில்லை. படிவத்தில் உள்ள சொற்களே புரியாதவனுக்குப் படிவம் காகிதத்தில் இருந்தால் என்ன, கண்ணாடித் திரையில் இருந்தால் என்ன? கடைசியில் அலுவலகத்துக்குப் போன் போட்டுத்தான் கேட்டார்கள். ஆன்லைன் ஆக்கிவிட்டோம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிற நம்மவர்கள் சற்று நின்று கேட்க வேண்டிய செய்தி இது.

இத்தனை செய்த மைண்ட்லேப் இன்று இல்லை! 2018-இல் மூடிவிட்டார்கள். டிஜிட்டல் மாற்றத்துக்கே இனி முன்னுரிமை என்று சொல்லி அதன் இடத்தில் வேறொரு குழுவை அமைத்தார்கள். மெக்சிகோ நகரத்திலும் இதே கதைதான். மாநகர நிர்வாகம் 2013-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம், வரைபடமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்நகரத்துச் சிற்றுந்துகளின் பாதைகளை 2016-இல் பொதுமக்களைக் கொண்டே பதிவு செய்து காட்டியது. மக்கள் தங்கள் செல்போனோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள், இரண்டு வாரத்தில் பாதைகள் தெரிந்துவிட்டன. 2018-இல் நகர நிர்வாகம் கைமாறியது, ஆய்வுக்கூடமும் போனது. ஒரு மேயரின் நிழலில் முளைத்த செடி அவரோடேயே பட்டுப்போகிறது. சிலி நாட்டில் மட்டும் சற்று ஆறுதல். அங்கே ஒரு ஜனாதிபதி தொடங்கியதை 2018-இல் எதிர்த்தரப்பிலிருந்து வந்த ஜனாதிபதியும் வைத்துக்கொண்டார், நிதி அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார். மின்கட்டண ரசீதைச் சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதியது அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று. நம் வீட்டு மின்கட்டணக் கணக்கைப் புரிந்துகொள்ள முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிரிட்டனில் 2010-இல் பிரதமர் அலுவலகத்தை ஒட்டி ஒரு குழு அமைத்தார்கள். 'உங்கள் பகுதியில் பெரும்பாலோர் வரியை உரிய நேரத்தில் செலுத்திவிடுகிறார்கள்' என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்ததும் வரி செலுத்துவோர் தொகை கூடியது என்று கணக்குக் காட்டினார்கள். கெட்டிக்காரத்தனம்தான்! ஆனால் கடிதத்தை மாற்றினால் வசூல் கூடுமா என்று பார்க்கிற அரசாங்கம், வரி விதிப்பு நியாயமா என்று அதே அக்கறையோடு பார்க்கிறதா? அந்தக் குழு 2014-இல் பாதி தனியார் நிறுவனமாகி, பின்னர் முற்றிலும் அரசுக்கு வெளியே போய்விட்டது.

ஐரோப்பா இருக்கட்டும். நம் அண்டை நாடான வங்காள தேசத்தைப் பார்ப்போம். அங்கே நடந்ததில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

2007-இல் பிரதமர் அலுவலகத்துக்குள் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'ஏ-டூ-ஐ' என்றொரு திட்டம் தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கான ஏழைகள் வாழும் நாடு. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக ஒருநாள் கூலியை இழந்து, படகிலும் பேருந்திலும் ஏறிப் போக வேண்டிய நிலை. அவர்கள் ஓர் எளிய அளவுகோலை எடுத்தார்கள். எந்தச் சேவையாக இருந்தாலும் மூன்றே மூன்றைக் கணக்கிடு: குடிமகனுக்கு எத்தனை நாள் ஆகிறது? எவ்வளவு செலவாகிறது? எத்தனை நடை நடக்கிறான்? நேரம், செலவு, நடை. இந்த மூன்றும் குறைந்தால்தான் அது சீர்திருத்தம். இல்லையென்றால் எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினாலும் அது கம்ப்யூட்டர் வியாபாரம் மட்டுமே!

இன்னொன்றும் செய்தார்கள். அதிகாரிகளைத் தம் பதவியைச் சொல்லாமல், சிபாரிசு இல்லாமல், சாதாரண ஆளாக வேறொரு துறையின் அலுவலகத்துக்குப் போய் ஒரு சேவையைப் பெற்றுவரச் சொன்னார்கள். போனவர்கள் வரிசையில் நின்றார்கள். 'நாளைக்கு வா' என்ற பதிலைக் கேட்டார்கள். திரும்பி வந்து தன் சொந்த அலுவலகத்தைப் பார்த்தபோது, தன் வாசலில் நிற்கிறவனின் முகம் அவர்களுக்குத் தெரிந்தது. நம் மாவட்டங்களில் ஒரு வட்டாட்சியரை, லுங்கியைக் கட்டிக்கொண்டு பக்கத்து வட்டத்து அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? நினைத்துப் பார்க்கவே இன்பமாக இருக்கிறது!

2010 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 4,501 ஊராட்சி ஒன்றியங்களில் சேவை மையங்களைத் திறந்தார்கள். ஒவ்வொன்றையும் உள்ளூர் இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் சொந்தத் தொழிலாக நடத்துவது என்று ஏற்பாடு. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறப்புப் பதிவு, விண்ணப்பம், தேர்வு முடிவு எல்லாம் அங்கேயே கிடைத்தன. அரசு வேலைக்காகக் காத்துக் கிடந்த கிராமத்து இளைஞனை அரசுச் சேவையின் வியாபாரி ஆக்கினார்கள்.

கரும்பு விவசாயிகளின் கதை இதைவிட ருசியானது. அரசு ஆலைக்குக் கரும்பு கொடுக்க வேண்டுமானால், 'இன்ன நாளில் கொண்டு வா' என்று ஆலை கொடுக்கும் 'புர்ஜி' என்ற சீட்டு கையில் இருக்க வேண்டும். சீட்டு காகிதத்தில் வரும். கைமாறிக் கைமாறி வரும். செல்வாக்குள்ளவன் கைக்கு முதலில் போகும், ஏழையின் கைக்கு நாள் கடந்து வரும். வெட்டிய கரும்பு வயலில் காய்ந்தால் எடையும் போகும், சாறும் போகும். இதற்கு அவர்கள் பெரிய இயந்திரம் எதையும் கொண்டு வரவில்லை. சீட்டின் செய்தியை விவசாயியின் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். அவ்வளவுதான்! இடையில் நின்றவனுக்கு வேலை இல்லாமல் போனது. இரண்டு ஆலைகளில் செய்து பார்த்துவிட்டுத்தான், உப்புப் பார்த்துவிட்டுத்தான், அரசின் 15 ஆலைகளுக்கும் விரித்தார்கள்.

இப்போது மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். அந்த 15 ஆலைகளில் ஆறில் 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நட்டம். இயந்திரங்கள் தேய்ந்து போயிருந்தன, கடன் கழுத்தை நெரித்தது. குறுஞ்செய்தி சரியான நேரத்துக்கு வந்தது, கரும்பை வாங்க ஆலைதான் இல்லை! ஆய்வுக்கூடம் வாசலைச் செப்பனிடும். வீடே இடிந்து விழுந்தால் அது என்ன செய்யும்?

அதைவிடக் கொடுமை 2024 ஜூலையில் நடந்தது. அரசு வேலைகளின் ஒதுக்கீட்டு முறைக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 'டிஜிட்டல் வங்காள தேசம்' என்று பதினைந்து ஆண்டுகள் முழங்கிய அதே அரசாங்கம், ஜூலை 18 அன்று நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் நாட்டை விட்டே வெளியேறினார். குடிமகனின் நடையைக் குறைக்கத் தெரிந்த அரசுக்கு அவன் குரலைக் கேட்கத் தெரியவில்லை. சான்றிதழ் விரைவாகக் கிடைப்பது வேறு, நீதி கிடைப்பது வேறு என்பதை அந்த நாட்டு இளைஞர்கள் தம் ரத்தத்தால் எழுதிக் காட்டினார்கள். ஆய்வுக்கூடம் செய்த நல்ல வேலை அதனால் பொய்யாகிவிடாது. சேவை மையத்தில் சான்றிதழ் வாங்கிய ஏழைப் பெண்ணுக்கு மிச்சமான கூலி மிச்சமானதுதான். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க ஆட்சியாளர்களை விடக்கூடாது.

இளைஞர்களே! சோதனையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உப்புப் பார்க்கும் நாக்கு யாருடையது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 2010-இல் மேயர் அலுவலகம் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தது. சாலைப் பள்ளங்களைக் கண்டுபிடிக்க ஒரு செயலியை உருவாக்கினார்கள். காரில் போகும்போது போன் குலுங்கினால் அங்கே பள்ளம் என்று தானே பதிவாகும். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்மார்ட்போனும் காரும் யாரிடம் இருந்தன? வசதியானவர்களிடம். ஏழைகளும் முதியவர்களும் வாழும் தெருக்களிலிருந்து தகவல் குறைவாகத்தான் வரும். அப்படியே விட்டால் பணக்காரத் தெருவின் பள்ளம் மூடப்படும், ஏழைத் தெருவின் பள்ளம் கணக்கிலேயே வராது. இதை உணர்ந்த பாஸ்டன் அதிகாரிகள், எல்லாத் தெருக்களுக்கும் போகும் தங்கள் சாலைப் பரிசோதகர்களின் கையில் முதலில் செயலியைக் கொடுத்தார்கள். எல்லா ஊர் அதிகாரிகளுக்கும் இந்த யோசனை வருமா?

நெதர்லாந்தில் வரவில்லை. ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டியவர்கள் செய்ததல்ல என்றாலும், 'புதுமை' என்ற பெயரில் அரசு செய்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்கிறவர்களைக் கம்ப்யூட்டர் கணக்கின் மூலம் கண்டுபிடிக்கிறோம் என்று கிளம்பிய வரித்துறை, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாகக் கணக்கில் சேர்த்தது. ஆயிரமாயிரம் குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுக் கடனில் மூழ்கின. துருக்கிய, மொராக்கோ வம்சாவழிக் குடும்பங்கள் அதில் பெருமளவில் சிக்கின. உண்மை வெளியானதும் 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. பெயரைப் பார்த்துச் சந்தேகிக்கும் போலீஸ்காரரை நமக்குத் தெரியும். அவரிடம் வாதாடலாம். கம்ப்யூட்டரிடம் யார் போய் வாதாடுவது?

நம் நாட்டுக்கு வருவோம். ஜார்க்கண்ட் மாநிலம் ராஞ்சி மாவட்டத்தில் நக்ரி என்றொரு வட்டாரம். 2017 அக்டோபரில் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். அதுவரை ரேஷன் கடையில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்த மக்களிடம், 'இனி 32 ரூபாய் கொடுத்து வாங்கு, 31 ரூபாயை உன் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறோம்' என்றார்கள். காகிதத்தில் கணக்கு நேராகத்தான் இருந்தது. நடந்தது என்ன? பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை. அங்கே கூட்டம், சேவை மையத்துக்குப் போ என்பார்கள், அதற்கு ஒரு நடை. பணத்தை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்கு ஒரு நடை. எந்தக் கணக்கில் பணம் விழுந்தது என்றே தெரியாதவர்கள் பலர். அன்றாடக் கூலி வேலை செய்கிற பழங்குடிப் பெண், ஒரு ரூபாய் அரிசிக்காக நாள் கணக்கில் வேலையை விட்டாள். மக்கள் திரண்டு 2018 பிப்ரவரியில் ராஞ்சிக்கு நடந்தே போனார்கள். ஆகஸ்டில் சோதனையைக் கைவிட்டார்கள்.

நம் தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இங்கே ஒரு வட்டாரத்தில் இந்தச் சோதனையை வைத்திருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்குமா? நக்ரி மக்களுக்குக் கேட்பாரில்லை என்று நினைத்துத்தான் அங்கே வைத்தார்கள். உப்புப் பார்க்கக் கரண்டியில் எடுக்கவில்லை. பசித்தவனின் தட்டிலேயே கைவைத்தார்கள். அதுவும் பத்து மாதம்!

ஆகவே, நாளை நம் மாநிலத்திலோ மத்தியிலோ ஓர் அமைச்சர் ரிப்பன் வெட்டி ஆய்வுக்கூடத்தைத் திறக்கும்போது கைதட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். சோதனைக்கு உட்படுகிறவர்களிடம் சம்மதம் கேட்டீர்களா? நடுவில் கஷ்டப்பட்டால் பழைய முறைக்குத் திரும்ப அவர்களுக்கு வழி உண்டா? தோற்றால் தோற்றது என்று வெளியில் சொல்வீர்களா? சோதனைக்கு உட்படும் தெருவிலிருந்து ஒருவராவது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாரா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவிலேயே, முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. கேட்கிற உரிமை நம்மிடம் இருக்கிறது, கேட்கிற பழக்கம்தான் இல்லை.

அரசாங்கம் ஆய்வுக்கூடம் திறக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நேரம், செலவு, நடை என்ற அந்த மூன்று கட்டங்களைப் போட ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். நம் வியாபாரிகள் சங்கங்கள் தத்தம் பஜாரில் ஒரு நோட்டை வைக்கட்டும். உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, மின் இணைப்பு என்று எதற்காக யார் போனாலும், போன நாள், கொடுத்த தொகை (மேசைக்கு மேலே கொடுத்தது தனி, கீழே கொடுத்தது தனி), நடந்த நடை மூன்றையும் அன்றன்றைக்கே எழுதட்டும். ஜமாஅத்து இளைஞர்கள் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் அதே போல எழுதட்டும். எழுதத் தெரியாத தாய்மார்களுக்காகப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். பெயர் வேண்டாம், தேதி தவறக்கூடாது. ஆறு மாதத்தில் எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் காகிதம் தேங்குகிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. 'அய்யா, கஷ்டப்படுகிறோம்' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் அது கட்டோடு கட்டாகப் போய்ச் சேரும். நோட்டின் கணக்கை ஒரே தாளில் எழுதி, சங்கத்தின் பெயரால் ஐந்து பேர் சேர்ந்து போய்க் கொடுங்கள். மறக்காமல் மனு எண் போட்ட ரசீதை வாங்கி, அதையும் அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.